கிளாஸ் ஏபி-யிலிருந்து கிளாஸ் டி-க்கு மாறிய பின் காரில் ஒலி கெட்டுவிட்டது: காரணம் கிளாஸா, ஓம் கணக்கா?

காவிரி வடகரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் ஹேட்ச்பேக் காரில் ஏழு ஆண்டுகளாக நான்கு சேனல் கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. அதன் முன் சேனல்கள் இரண்டும் முன்கதவுகளில் உள்ள ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர்களை இயக்கின. பின் சேனல்கள் இரண்டையும் பிரிட்ஜ் செய்து (இரண்டின் சக்தியையும் ஒன்றாகச் சேர்த்து) டிக்கியில் உள்ள பத்து அங்குல சப் வூஃபருக்குக் கொடுத்திருந்தேன். பின்கதவு ஸ்பீக்கர்கள் நேரடியாக ஸ்டீரியோவிலிருந்து ஓடின. சப் வூஃபர் இரட்டை வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் செம்புச் சுருள்) கொண்டது. காயில் ஒவ்வொன்றும் 2 ஓம், மொத்தம் 400 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் சக்தி), நாற்புறமும் மூடிய பெட்டி. இரண்டு காயில்களையும் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்து 4 ஓமாக ஓட்டிவந்தேன்.

இந்தக் கோடையில் பழைய ஆம்ப் சூடேறி அடிக்கடி நின்றுவிட்டதால், சென்ற மாதம் இரண்டு கிளாஸ் டி ஆம்ப்கள் வாங்கிப் பொருத்தினேன். ஒன்று நான்கு சேனல். 4 ஓமில் சேனலுக்கு 75 வாட். மற்றது சப் வூஃபருக்கான மோனோ, அதாவது ஒற்றைச் சேனல். 4 ஓமில் 300, 2 ஓமில் 500, 1 ஓமில் 800 வாட் என்று கையேடு சொல்கிறது. பொருத்தியவர், ஓம் குறையக் குறைய வாட்ஸ் கூடும் என்று சொல்லி, சப் வூஃபரின் காயில்களைப் பேரலலாக, அதாவது பக்க இணைப்பாக, இணைத்து 1 ஓமாக்கினார்.

ஒலி கூடியது உண்மை. ஆனால் கேட்கத்தான் முடியவில்லை. முன்பு மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி விழுந்தால், அந்த நாதம் வளைந்து ஏறி நிற்பது வரை தெளிவாகக் கேட்கும். இப்போது எந்த அடியும் ஒரே 'கும்' என்ற முழக்கமாகி அடுத்த அடியோடு ஒட்டிக்கொள்கிறது. நாதஸ்வரம் மேல்ஸ்தாயிக்குப் போனால் ஓசை கிழிகிறது. இரவில் ஒலியைக் கூட்டினால் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. நண்பர்கள், கிளாஸ் டி என்றாலே இப்படித்தான், மீண்டும் ஏபி-க்கே போய்விடு என்கிறார்கள். செலவழித்த பணத்தைவிட, கேட்டு மகிழ்ந்த ஒன்று கையைவிட்டுப் போனதே எனக்குப் பெரிய வருத்தம். உண்மையில் குற்றம் கிளாஸ் மேலா, 1 ஓம் இணைப்பின் மேலா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில் கிளாஸ் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த எழுத்துகளைப் பள்ளித் தேர்வின் தரவரிசை போல எண்ணி, ஏ என்றால் முதல் தரம், டி என்றால் கடைசித் தரம் என்று நம்புகிற வழக்கம் இன்றும் உள்ளது. அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எந்த முறையில் வேலை செய்கின்றன என்பதைத் தவிர வேறு எதையும் அந்த எழுத்துகள் குறிப்பதில்லை. டி என்பது டிஜிட்டல் என்பதன் சுருக்கமும் அன்று. ஏ, பி, சி முன்பே இருந்ததால் கிடைத்த அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

கிளாஸ் ஏ-யில் டிரான்சிஸ்டர்கள் எப்போதும் மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். பாட்டே ஓடாவிட்டாலும் சூடு குறையாது, அதனால் காருக்கு அது ஒத்துவராது. கிளாஸ் பி-யில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் பகிர்ந்துகொள்ளும். கைமாறும் இடத்தில், அதாவது அலை சுழியைக் கடக்கும் இடத்தில், ஒரு சிறு வெட்டு விழும். மெல்லிய ஒலியில்தான் அந்த வெட்டு அதிகமாக உறுத்தும். இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் சிறிதளவு மின்னோட்டத்தை எப்போதும் ஓடவிட்டு அந்த வெட்டை மூடுவதே கிளாஸ் ஏபி. இதன் செயல்திறன் கோட்பாட்டளவில் 78.5 விழுக்காடு வரை போகலாம் என்றாலும், அது முழுச் சக்தியில் கிடைக்கும் கணக்கு. முழுச் சக்தியின் எட்டில் ஒரு பங்கில் ஓடும்போது அதே கணக்கு 28 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. பாட்டு கேட்கும் நேரத்தில் ஆம்ப் பெரும்பாலும் அந்த அளவில்தான் ஓடுகிறது. மீதி எல்லாம் வெப்பம். மே மாத வெயிலில் நின்ற காரின் டிக்கியில் உங்கள் பழைய ஆம்ப் மூச்சுத் திணறியதில் வியப்பில்லை.

கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர்கள் சுவிட்சைப் போல முழுதாகத் திறக்கின்றன அல்லது முழுதாக மூடுகின்றன. திறந்திருக்கும் நேரத்தின் அளவில் இசை பொதிந்திருக்கிறது. கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி, சுவிட்சிங்கின் வேகத் துடிப்பை நீக்கி இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. செயல்திறன் 80 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். ஆரம்பக் காலத்தில் கார்களுக்கு வந்த கிளாஸ் டி ஆம்ப்கள் 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுவிட்ச் செய்தன. சப் வூஃபருக்கு அது போதும், உச்ச ஒலிகளைப் பாடும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போதாது. அந்தப் பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய முழு அலைவரிசை ஆம்ப்கள் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுவிட்ச் செய்கின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கார்களுக்கென்றே தயாரிக்கும் டிஏஎஸ்6424 என்ற சிப், ஏஎம் வானொலி அலைவரிசைக்கு இடைஞ்சல் வராதபடி 2.1 மெகாஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்கிறது. 2000-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தில் புரூனோ புட்செய்ஸ் வடிவமைத்த யூசிடி முறை, வடிகட்டிக்குப் பின்னால் வரும் ஒலியையே எடுத்து, உள்வரும் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஃபீட்பேக்காகக் கொடுத்ததால், வடிகட்டியினால் வரும் பிழையும் பெருமளவு திருத்தப்பட்டுவிட்டது.

ஆகவே நல்ல கிளாஸ் டி நாதஸ்வரத்தைக் கிழிக்காது. வேறெங்கோ தவறு நடந்திருக்கிறது. தயவுசெய்து மூன்று விவரங்கள் தாருங்கள். நான்கு சேனல் ஆம்பிலிருந்து எத்தனை ஸ்பீக்கர் ஒயர்கள் வெளியே போகின்றன? அவற்றைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் எத்தனை ஓம் காட்டுகிறது? எஞ்சின் ஓடும்போது, சப் வூஃபர் முழங்கும் நேரத்தில், மோனோ ஆம்பின் பவர் டெர்மினல்களில் எத்தனை வோல்ட் நிற்கிறது? அப்படியே ஆம்பில் உள்ள திருகுகள் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

காவிரி வடகரை எழுதியது:

மிக்க நன்றி. நேற்று மாலை டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்து எல்லாவற்றையும் அளந்தேன். நான்கு சேனல் ஆம்பிலிருந்து இரண்டு ஜோடி ஒயர்கள் மட்டுமே போகின்றன. இரண்டும் பிரிட்ஜ் டெர்மினல்களில் உள்ளன. ஒவ்வொரு ஜோடியோடும் அந்தப் பக்கத்துப் பின்கதவு ஸ்பீக்கரின் ஒயரும் முறுக்கிச் சேர்க்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டிருந்தது. அவிழ்த்து அளந்ததில் இடப்புறம் 1.7 ஓம், வலப்புறம் 1.8 ஓம். சப் வூஃபர் 0.9 ஓம் காட்டியது. பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்க, ஒலியைக் கூட்டியதும் மோனோ ஆம்பின் டெர்மினலில் அது 11.4 வரை இறங்கியது. எர்த் ஒயர், பெயிண்ட் சுரண்டப்படாத ஒரு சீட் போல்ட்டில் முறுக்கப்பட்டிருக்கிறது. பேஸ் பூஸ்ட் என்ற திருகு 12 டெசிபெல் வரை திருகப்பட்டிருக்கிறது; உள்வரும் ஒலியை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் திருகுகள் முக்கால் பங்குக்கு மேல் உள்ளன.

ஈயப்பற்று எழுதியது:

ஐயா, நோயின் பெயர் கிடைத்துவிட்டது. பொருத்தியவர் எங்கே தவறினார் என்பது புரிய வேண்டுமானால், முதலில் இம்பீடன்ஸ் என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

பாடநூல்கள் மின்எதிர்ப்பு என்று சொல்லும் இம்பீடன்ஸும், மீட்டரில் நீங்கள் கண்ட மின்தடையும் ஒன்றல்ல. 4 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் 3.2 முதல் 3.6 வரை காட்டும். அது செம்புச் சுருளின் தடை மட்டுமே. பாட்டு ஓடும்போது அந்த எண் அலைவெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டியில் உள்ள 4 ஓம் சப் வூஃபர், தன் ஒத்ததிர்வு அலைவெண்ணில் 20 ஓமுக்கு மேலும் எழும்பும். ஸ்பீக்கரின் மேல் அச்சிட்ட 4 என்ற எண், இதற்குக் கீழே பெரிதாக இறங்காது என்ற உறுதிமொழி போன்றது. ஐஇசி என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்ப அமைப்பின் தரநிலையின்படி அது அச்சிட்ட மதிப்பில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது.

இப்போது உங்கள் கதவு ஸ்பீக்கர்களுக்கு வருவோம். முன் 4 ஓமும் பின் 4 ஓமும் பேரலலாகச் சேர்ந்தால் 2 ஓம். அதை பிரிட்ஜ் செய்த டெர்மினலில் கொடுத்தால், ஒரே ஸ்பீக்கரை இரண்டு சேனல்கள் இரு முனைகளிலிருந்தும் எதிரெதிராகத் தள்ளுவதால், ஒவ்வொரு சேனலுக்கும் அதில் பாதி, அதாவது 1 ஓம் தான் தெரியும். சேனலுக்கு 75 வாட் என்ற வகை நான்கு சேனல் ஆம்ப்கள் பெரும்பாலும் சாதாரண இணைப்பில் 2 ஓம், பிரிட்ஜில் 4 ஓம் வரைதான் தாங்கும். உங்கள் கையேட்டிலும் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். ஓம் பாதியானால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். தாங்க முடியாத மின்னோட்டம் கேட்கப்படும்போது, ஆம்பின் பாதுகாப்புச் சுற்று அலையின் உச்சியை வெட்டிவிடும். நாதஸ்வரம் மேல்ஸ்தாயியில் நீண்டு நிற்கும்போது நீங்கள் கேட்ட கிழிசல் அந்த வெட்டுதான். இதே இணைப்பை உங்கள் பழைய ஏபி ஆம்பில் கொடுத்திருந்தால் அதுவும் கிழித்திருக்கும். ஒருவேளை இன்னும் விரைவில் புகைந்தே போயிருக்கும்.

சப் வூஃபரின் கதை வேறு. மோனோ ஆம்ப் 1 ஓமைத் தாங்கும் என்று தயாரித்தவரே சொல்வதால் இணைப்பில் விதிமீறல் இல்லை. ஆனால் 300 வாட்டிலிருந்து 800 வாட்டுக்குப் போவதால் கிடைப்பது 4.3 டெசிபெல், காதுக்கு ஒலி இரட்டிப்பாகத் தோன்றவே ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அந்த 4.3-ம் முழுதாகக் கிடைக்கவில்லை. வாட் கணக்குகள் வழக்கமாக அளக்கப்படும் 14.4 வோல்ட்டிலிருந்து டெர்மினலில் 11.4-க்கு இறங்கினால், பெரும்பாலான ஆம்ப்களில் வெளிவரும் சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 800 என்பது 500 ஆகிவிடும். ஹெட்லைட்டும் மங்கி, வயரும் சூடாகி, நீங்கள் பெற்றது சுமார் 2 டெசிபெல்தான். 4 ஓமிலேயே விட்டிருந்தால் ஆம்ப் கேட்கும் மின்னோட்டம் பாதிக்கும் கீழே இருந்திருக்கும். வோல்டேஜும் இவ்வளவு சரிந்திருக்காது.

'கும்' என்ற முழக்கத்துக்கு நான் முதலில் குறை சொல்வது அந்த பேஸ் பூஸ்ட் திருகைத்தான். 12 டெசிபெல் என்றால் 16 மடங்கு சக்தி. 45 ஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பகுதியை மட்டும் 16 மடங்கு தூக்கிவிட்டால், தொப்பியின் எந்தச் சொல்லும் அந்த ஒரே சுருதியில்தான் ஒலிக்கும். கும்கியின் ஏற்றம் கேட்காமல் போவது அதனால்தான். போதாக்குறைக்கு ஆம்ப் அங்கேயே முதலில் கிளிப் ஆகிறது, அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது.

டேம்பிங் ஃபேக்டர் பற்றியும், அதாவது ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் உள்தடையால் வகுத்து, கூம்பின் அசைவை ஆம்ப் எவ்வளவு இறுக்கமாக நிறுத்தும் என்று காட்டும் எண் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த பதிலில் யாராவது அதைக் கொண்டுவருவார்கள். ஆம்பின் உள்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொண்டால், 4 ஓமில் அந்த எண் 200, 1 ஓமில் 50. நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே என்று பதறத் தேவையில்லை. கூம்பை நிறுத்த ஓடும் மின்னோட்டம் வாய்ஸ் காயிலின் சொந்தத் தடையையும் கடந்தாக வேண்டும். உங்கள் காயில் 0.9 ஓம், அதன் பக்கத்தில் 0.02 என்பது தூசி. 50-க்கும் 200-க்கும் இடையே காது வேறுபாடு காணாது. ஒயர் மெலிந்தால்தான் கதை மாறும்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் ஓடினால், போக வர 0.13 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. 1 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் அங்கேயே போய்விடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயராக இருந்தால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

பழைய வானொலி எழுதியது:

ஈயப்பற்று எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஒரு இடத்தில் மட்டும் என் கருத்து சற்று வேறுபடுகிறது. கிளாஸுக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லை என்று இளைஞர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வடிகட்டிக்கு முன்னால் ஃபீட்பேக் எடுக்கும் மலிவான கிளாஸ் டி ஆம்ப்கள் இன்னும் விற்கின்றன. அவற்றின் வடிகட்டி ஒரு குறிப்பிட்ட ஓமுக்காகக் கணக்கிடப்பட்டது. 4 ஓமுக்கு அமைத்ததில் 2 ஓம் இணைத்தால் ட்ரெபிளின் உச்சி மழுங்கும். 8 ஓம் இணைத்தால் உச்சி தூக்கிக்கொண்டு நிற்கும். கிளாஸ் ஏபி-க்கு அப்படியொரு வடிகட்டியே கிடையாது. ஆகவே கிளாஸும் இம்பீடன்ஸும் தனித்தனிக் கேள்விகள் அல்ல. மலிவான ஆம்பில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

இதற்கு என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், என் காரில் எரிந்துபோன 4 ஓம் ட்வீட்டருக்குப் பதிலாக, வீட்டு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கழற்றிய 8 ஓம் ட்வீட்டர் ஒன்றைப் பழைய 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு அப்படியே இணைத்தேன். வீணையின் மீட்டு ஒவ்வொன்றும் தகரத்தைச் சுண்டுவது போல ஒலித்தது. ஆம்பைக் குறை சொல்லி அதை மாற்றவும் துணிந்துவிட்டேன். பிறகுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் கெப்பாசிட்டர் 4 ஓம் ட்வீட்டரை ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பாடவிடும்; 8 ஓம் வந்ததும் எல்லை 2,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. தாங்காத தாழ் ஒலியெல்லாம் அந்தச் சிறு ட்வீட்டருக்குள் புகுந்து அதைக் கதறவைத்திருந்தது. கெப்பாசிட்டரை 4.7 ஆக மாற்றியதும் அடங்கியது. அன்றிலிருந்து, ஒலி கெட்டால் நான் முதலில் ஓம் கணக்கைத்தான் பார்க்கிறேன்.

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கார் ஆடியோ உலகில் பெயர்பெற்ற ரிச்சர்ட் கிளார்க், 10,000 டாலர் பரிசு அறிவித்து ஒரு சவால் நடத்தினார். இரண்டு ஆம்ப்களின் ஒலி அளவையும் துல்லியமாகச் சமன்செய்து, இரண்டும் கிளிப் ஆகாத அளவில் ஓடவிட்டு, எது எது என்று காதால் மட்டும் தவறாமல் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பரிசை யாரும் வாங்கியதில்லை. ஏபி-யை நேசிக்கும் எனக்கு இதை ஏற்கச் சில காலம் பிடித்தது. சமன்செய்தது, கிளிப் ஆகாதது என்ற இரண்டு நிபந்தனைகளையும் மறந்துவிடாதீர்கள். நம் கார்களில் அந்த இரண்டும் மீறப்படும்போதுதான் ஆம்ப்கள் வெவ்வேறாக ஒலிக்கின்றன.

ஸ்டீரியோவின் முகப்பில் எழுதியிருக்கும் '50 வாட் × 4' என்பதையும் நம்பி ஒப்பிடாதீர்கள். 14.4 வோல்ட்டை இருமடியாக்கி 4 ஓமால் வகுத்தால் 51.8 வருகிறது; அலையைச் சதுரமாக வெட்டினால் மட்டுமே கிடைக்கும் எண் அது. வெட்டாத அலையில் கோட்பாட்டளவில் 26-ஐத் தாண்டாது; நடைமுறையில் 20-ஐ ஒட்டித்தான் வரும்.

காவிரி வடகரை எழுதியது:

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவிட்டுச் சொன்னபடியெல்லாம் செய்தேன். பிரிட்ஜை நீக்கி, முன்கதவுகளுக்கு இரண்டு சேனல், பின்கதவுகளுக்கு இரண்டு சேனல் என்று பிரித்தேன். இப்போது ஒவ்வொன்றும் 4 ஓம் தான் பார்க்கிறது. சப் வூஃபர் காயில்களை மீண்டும் சீரீஸில் இணைத்தேன். சீட் போல்ட்டை விட்டுவிட்டு, பாடியில் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு எர்த்தை முறுக்கினேன். பவர் ஒயரை வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளை உலோகம்தான் இருந்தது. 8 கேஜ் என்று விற்றதில் பாதி பிளாஸ்டிக் உறை. அதை எடுத்துவிட்டு முழுச் செம்பில் 4 கேஜ் போட்டேன் (கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிக்கும்).

பேஸ் பூஸ்டை சுழிக்குக் கொண்டுவந்து, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு கெயின் வைத்தேன். 300 வாட்டையும் 4 ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6 வோல்ட் என்பதால், மீட்டரில் ஏசி அந்த அளவைத் தொட்டதும் நிறுத்தினேன். திருகு முக்காலில் இருந்து மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. சப் வூஃபர் முழங்கும்போதும் டெர்மினலில் 13.3 வோல்ட் நிற்கிறது. ஹெட்லைட் அசையவில்லை.

ஒலி அளவு சற்றுக் குறைந்தது போலத்தான் முதல் நிமிடத்தில் தோன்றியது. பிறகு தனியாவர்த்தனம் ஒன்றைப் போட்டேன். வலந்தலையில் விரல்கள் விழும் ஓசை முன்கண்ணாடிப் பக்கமிருந்து வந்தது. தொப்பியில் மணிக்கட்டு அழுந்த அழுந்த கும்கி ஏறுவதும், கை எடுத்தவுடன் அது நிற்பதும் தனித்தனியாகக் கேட்டன. நாதஸ்வரத்தில் கிழிசல் இல்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகும் ஆம்பின் மேல் கை வைக்க முடிகிறது. ஈயப்பற்றுக்கும் பழைய வானொலி ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு கேள்வி. பேட்டரிப் பக்கத்தில் பழைய 60 ஆம்பியர் ஃபியூஸே இருக்கிறது. ஒயர் பெரிதானதால் அதையும் 100 ஆக்கலாமா?

ஈயப்பற்று எழுதியது:

ஃபியூஸ் ஆம்பைக் காப்பதற்கன்று, ஒயர் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. முழுச் செம்பில் 4 கேஜ் ஒயர் 100 ஆம்பியர் ஃபியூஸுக்குத் தாங்கும். ஆனால் சப் வூஃபர் 4 ஓமில் ஓடும் இப்போதைய நிலையில் உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மோனோவின் 300 வாட்டும் கதவுகளின் 300 வாட்டும் சேர்ந்து உச்சத்தில் கேட்டாலும், 85 விழுக்காடு செயல்திறனில் 50 ஆம்பியரைச் சற்றே தாண்டும். பாட்டின் சராசரி அதில் ஒரு சிறு பங்குதான். 60 அப்படியே இருக்கட்டும். பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வரை ஒயரின் நீளம் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்த்துவிடுங்கள்.